எனக்கும் திறக்காத பூட்டு

மார்ச் 3, திங்கள்

இந்த டைரியை வாங்கிக் கொடுத்தது என் கணவர். "ஆபீஸ்ல நடக்கறத என்கிட்ட கத்தறதுக்குப் பதிலா இதுல எழுது மங்கை, எனக்குக் காது மிச்சம்" என்றார். முதல் பக்கத்தில் விவரம் நிரப்பச் சொல்லி அச்சிட்டிருக்கிறது. பெயர்: மங்கையர்க்கரசி. வயது: ஐம்பத்தொன்று. வேலை: துணை இயக்குநர், தொழில்நுட்பப் பிரிவு. முகவரி என்ற இடத்தைக் காலியாக விட்டுவிட்டேன். முகவரியைக் கண்ட இடத்தில் எழுதக்கூடாது என்பது என் கட்சி.

காலையில் இயக்குநர் கூப்பிட்டு அனுப்பினார். எங்கள் இயக்ககம் அரசின் ஒன்பது சேவைகளுக்குக் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறது. முதியோர் அடையாள அட்டை, விடுதி மாணவர் சேர்க்கை, பெண்கள் காப்பகப் பதிவேடு இப்படி. எல்லாம் பின்கட்டடத்துச் சர்வர் அறையில் ஓடுகின்றன. அந்தக் கட்டடத்தை ஜூனில் இடிக்கிறார்கள். அதற்குள் ஒன்பதையும் கிளவுடுக்கு மாற்றியாக வேண்டும்.

"ஜூன் ரெண்டு, மங்கை மேடம். மூணாம் தேதி புல்டோசர் வருது" என்றார். இயக்குநர் ஆதவன் சாருக்கு முப்பத்தாறு வயதுதான். எதையும் சிரித்துக்கொண்டே சொல்வார். மாடிப்படி இறங்கும்போதுதான் சுருக்கென்று உறைக்கும்.

"ஆயிடும் சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன். எப்படி ஆகும் என்று என் நாற்காலிக்கு வந்த பிறகுதான் யோசித்தேன்.

வீட்டில் மிக்ஸி ஓடவில்லை. இட்லிக்குப் பொடிதான்.

மார்ச் 5, புதன்

ஒப்பந்த நிறுவனத்திலிருந்து ஃபர்ஹானா வந்தாள். முப்பத்து நாலு வயது, ஊர் வாணியம்பாடி. கிளவுட் கட்டமைப்பு அவள் பொறுப்பு. வந்த பத்து நிமிடத்தில் இயக்குநரோடு சண்டை. எனக்குப் பிடித்துவிட்டது.

இயக்குநர் கேட்டது நியாயமான கேள்விதான். "ஒரே ஒரு அக்கவுன்ட் எடுத்து ஒன்பதையும் அதுல போட்டா என்ன? பதினஞ்சு நாள்ல முடிஞ்சிடுமே?"

"முடிஞ்சிடும் சார். ஆனா ஒருத்தன் உள்ள வந்தான்னா ஒன்பதும் போயிடும்" என்றாள் ஃபர்ஹானா.

அவர் என்னைப் பார்த்தார். நான் எனக்குத் தெரிந்த மாதிரி சொன்னேன். "சார், அக்கவுன்ட்ங்கறது ஒரு தனி வீடு. ஒன்பது குடும்பத்தை ஒரே ஹாலில் படுக்க வைக்கறதா, ஆளுக்கொரு ஃபிளாட் குடுக்கறதாங்கறதுதான் கேள்வி. ஃபிளாட்னா ஒரு வீட்டுல திருடன் நுழைஞ்சாலும் பக்கத்து வீட்டுக் கதவு பூட்டியிருக்கும்."

ஒவ்வொரு சேவைக்கும் இரண்டு வீடு. ஒன்று சோதனைக்கு, ஒன்று நிஜ வேலைக்கு. அது பதினெட்டு. பொதுவாக இன்னும் ஐந்து. யார் எப்போது எந்தக் கதவைத் தட்டினார்கள் என்று எழுதி வைக்கும் பதிவேட்டுக்கே அதில் ஒரு தனி வீடு உண்டு. அதை யாரும் அழிக்க முடியாது, தலைமை அக்கவுன்ட்காரர் உட்பட. ஆக மொத்தம் இருபத்து மூன்று.

"இருபத்து மூணா?" என்றார் இயக்குநர். சிரிக்கவில்லை. பிறகு, "ஜூன் ரெண்டு" என்று மறுபடி சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

மார்ச் 6, வியாழன்

மிக்ஸிக்கு மோட்டார் போய்விட்டதாம். கடைக்காரர் ஒரு வாரம் கேட்கிறார்.

மார்ச் 11, செவ்வாய்

இன்று நடந்த கூத்தை எழுதாமல் விடமுடியாது.

தலைமை அக்கவுன்ட் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. போன வருடம் ஏதோ ஒத்திகைக்காகத் திறந்தது. இருபத்து மூன்று வீட்டுக்கும் அதுதான் மூலக்கதவு. சரி, அதையே பயன்படுத்தலாம் என்று ஃபர்ஹானா உள்ளே போகப் பார்த்தாள். பாஸ்வேர்ட் யாருக்கும் தெரியவில்லை. மாற்றலாம் என்றால் ஓ.டி.பி. முந்தைய இயக்குநரின் போனுக்குப் போகிறது. அவர் மாற்றலாகி டெல்லி போய் எட்டு மாதம் ஆகிறது.

டெல்லிக்குப் போன் போட்டேன். "எனக்கு எந்த ஓ.டி.பி.யும் வரலியேம்மா. அந்த நம்பர் என்னோடது இல்ல, என் கேம்ப் கிளார்க்கோடது. எல்லா ஓ.டி.பி.யும் அவர்கிட்டதான் போகும்" என்றார்.

கேம்ப் கிளார்க்கைப் பிடித்தால் அவர் ஊட்டியில் மச்சினிச்சி கல்யாணத்தில் நிற்கிறார். பின்னால் நாதஸ்வரம். ஒவ்வொரு ஓ.டி.பி.யும் முப்பது விநாடியில் காலாவதி. அவர் மேடையில் இருந்து இறங்கி, கண்ணாடி தேடி, நம்பரைப் படிப்பதற்குள் காலாவதி. ஏழாவது தடவை ஒரு புண்ணியவான் அவர் கையிலிருந்து போனைப் பிடுங்கிப் படித்துச் சொன்னார். யாரென்றே தெரியாது. அரசாங்கத்தின் மூலக்கதவு ஒரு கல்யாண வீட்டில் திறந்தது.

ஃபர்ஹானா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். "மேடம், இவங்க எல்லாம் நாளைக்கே டிரான்ஸ்ஃபர் ஆவாங்க. மறுபடியும் ஊட்டிக்குத்தான் போன் போடணுமா?"

சரியான கேள்வி. பூட்டு ஆளுக்குச் சொந்தமாக இருக்கக்கூடாது, பதவிக்குச் சொந்தமாக இருக்கவேண்டும். ஆனால் பதவி என்பது ஒரு காலி நாற்காலி. நாற்காலிக்குப் பாக்கெட் கிடையாதே.

மார்ச் 12, புதன்

விடை எங்கள் அலுவலகக் கண்காணிப்பாளர் செல்லப்பாவிடம் இருந்தது. கம்ப்யூட்டர் என்றால் இன்னும் இரண்டு விரலால் தட்டுகிற மனிதர். விதிப்புத்தகம் மட்டும் தலைகீழ்ப் பாடம்.

மூலக்கதவுக்குப் போன் எண் வேண்டாம், பென்டிரைவ் மாதிரி இருக்கும் பாதுகாப்புச் சாவி போடலாம், ஆனால் அதை எங்கே வைப்பது என்று நானும் ஃபர்ஹானாவும் பேசிக்கொண்டிருந்தோம். என் பீரோவில் வைக்கலாம் என்றாள். நான் வேண்டாம் என்றேன். இயக்குநர் பீரோ என்றாள். அதற்கும் வேண்டாம் என்றேன்.

செல்லப்பா ஃபைலிலிருந்து தலை தூக்கவில்லை. "இரும்புப்பெட்டி டூப்ளிகேட் சாவிய எங்க வெக்கறோம் மேடம்?"

"எங்க?"

"கருவூலத்துல. அரக்கு வெச்சு, சீல் அடிச்சு, கவர்ல போட்டுக் குடுத்துடுவோம். அவங்க காப்பறைல வெச்சுக்குவாங்க. வருஷத்துக்கு ஒரு தடவை எடுத்து, சீல் உடையலன்னு பாத்து, மறுபடியும் சீல் வெச்சுக் குடுக்கணும். வெள்ளக்காரன் காலத்து ரூலு. இன்னைக்கும் செல்லும்."

ஃபர்ஹானா வாயைப் பிளந்தாள். இந்த மாதிரி ஒரு ஏற்பாட்டுக்காக வெளிநாட்டுக் கம்பெனிகள் மாநாடு போட்டுப் பேசுகின்றனவாம். எங்கள் அலுவலகத்தில் அது ஒரு அரக்குக் குச்சியோடு அலமாரியின் கீழ்த்தட்டில் கிடக்கிறது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. செல்லப்பாவுக்குக் காபி வாங்கிக் கொடுத்தேன்.

மார்ச் 20, வியாழன்

காப்பகங்களின் சார்பில் இந்திராணி வந்தார். மாநிலத்தின் முப்பத்தெட்டு பெண்கள் காப்பகங்களுக்கும் மூத்த கண்காணிப்பாளர். வீட்டில் அடி தாங்காமல் ஓடிவரும் பெண்களை வேறு ஊரில், வேறு பெயரில் மறைத்து வைத்துக் காப்பாற்றுகிற வேலை. காப்பகப் பதிவேட்டை மட்டும் கிளவுடுக்குக் கொடுக்கமாட்டேன் என்று கடிதம் போட்டிருந்தார். நேரில் பேசலாம் என்று அழைத்திருந்தேன்.

"நாலு வருஷமா நான் கம்ப்யூட்டர்ல அட்ரஸ் ஏத்தறதே இல்லங்க. நோட்டுல எழுதி பீரோல வெச்சிருக்கேன்" என்றார்.

அதனால் வரும் கஷ்டத்தையும் அவரே சொன்னார். ஒரு பெண்ணை மதுரையிலிருந்து சேலத்துக்கு மாற்றினால் குழந்தைக்குப் பள்ளி மாற்றல், மருந்துச் சீட்டு, கோர்ட் தேதி எல்லாம் தனித்தனியாக அலைந்து வாங்க வேண்டியிருக்கிறது. போன மாதம் கர்ப்பிணி ஒருத்தியின் ரத்த வகை புதுக் காப்பகத்துக்குப் போய்ச் சேரவில்லை. நோட்டு பீரோவில், பீரோ சாவி லீவில்.

"அப்போ ஏன் வேண்டாங்கறீங்க?" என்று ஃபர்ஹானா கேட்டாள். அவளுக்குத் தெரியாது.

"நாலு வருஷம் முன்னாடி ஒரு பொண்ணோட அட்ரஸ் உங்க கம்ப்யூட்டர்ல மட்டும்தாம்மா இருந்துச்சு. அந்தப் பொண்ண அங்க மாத்தி பதினோரு நாள். புருஷன் நேரா வாசல்ல வந்து நிக்கறான், கையில அரிவாளோட. உயிர் தப்பிச்சுது. எடது கை இன்னைக்கும் மடங்காது." பிறகு என் பக்கம் திரும்பினார். "விசாரணை நடந்துச்சே. யாரு பாத்தாங்கன்னு கண்டுபிடிச்சீங்களா மேடம்?"

பழைய முறையில் 'அட்மின்' என்று ஒரே பெயரில் பதினோரு பேர் நுழைவோம். ஒரே பாஸ்வேர்ட். அலுவலகத்தில் அதைக் கேட்டவருக்கு இல்லை என்று சொல்வது மரியாதைக் குறைவு. பதிவில் 'அட்மின்' என்றுதான் இருக்கும்.

"தெரியல" என்றேன். விசாரணை அறிக்கையும் அதைத்தான் சொல்கிறது.

மார்ச் 21, வெள்ளி

தூக்கம் சரியில்லை. வெயில் ஆரம்பித்துவிட்டது, அதனால்தான்.

ஏப்ரல் 2, புதன்

யாருக்கு எந்த வீட்டில் என்ன அனுமதி என்ற பட்டியலை இன்று முடித்தோம். இனி 'அட்மின்' கிடையாது. ஒவ்வொருவருக்கும் சொந்தப் பெயரில் ஒரு லாகின். துடைப்பம் பிடிப்பவரிலிருந்து இயக்குநர் வரை யார் எதைத் தொட்டாலும் பெயரோடு பதியும்.

காப்பகப் பதிவேட்டுக்கு வந்தபோது ஃபர்ஹானா என் பெயருக்கு எதிரே 'பார்க்கலாம்' என்று போட்டிருந்தாள். அடித்துவிடச் சொன்னேன்.

"நீங்க ஹெட் மேடம். உங்களுக்கு அதாவது வேணாமா?"

"வேண்டாம். முகவரிய அந்தந்தக் காப்பகத்துக் கண்காணிப்பாளரும் இந்திராணியும் மட்டும்தான் திறக்கணும். டிரைக்டர் கூடாது, செயலாளர் கூடாது. உங்க கம்பெனி கூடாது. நான் கூடவே கூடாது. நமக்கு வெறும் பூட்டின பெட்டி தெரிஞ்சா போதும்."

"ஏதாவது கோளாறுன்னா?"

"பெட்டிய ரிப்பேர் பண்ணலாம். உள்ள இருக்கறத படிக்காம பண்ணணும். முடியுமா முடியாதா?"

"முடியும். ஒரு வாரம் கூட ஆகும்." கொஞ்ச நேரம் தட்டிக்கொண்டிருந்தாள். "மேடம், இத யார்கிட்டேர்ந்து காப்பாத்தறோம்?"

"எல்லார்கிட்டேர்ந்தும்."

"உங்ககிட்டேர்ந்துமா?"

அதிகம் கேள்வி கேட்கிற பெண். டீ சொல்லி அனுப்பினேன்.

ஏப்ரல் 14, திங்கள்

புத்தாண்டு. மாங்காய்ப் பச்சடி வைத்தேன், வேப்பம்பூ கொஞ்சம் தூக்கலாகிவிட்டது. இவர் முகத்தைச் சுளித்துக்கொண்டே முழுசாகச் சாப்பிட்டார்.

போனில் நாற்பத்திரண்டு வாழ்த்து. ஒன்று பழைய மேலதிகாரி ஒருவரிடமிருந்து, பூங்கொத்துப் படத்தோடு. மற்ற எல்லாருக்கும் பதில் போட்டேன்.

ஏப்ரல் 24, வியாழன்

சாவிகளைக் கருவூலத்தில் சேர்த்துவிட்டோம்!

இரண்டு சாவி, இரண்டு உறை. இரண்டும் சேர்ந்தால்தான் மூலக்கதவு திறக்கும். செல்லப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மெழுகுவர்த்தியில் அரக்கை உருக்கினார். அறை முழுக்க அந்த வாசனை. ஃபர்ஹானா இருபது போட்டோ எடுத்தாள். கருவூல அலுவலர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உள்ள என்ன, இரும்புப்பெட்டி சாவியா?" என்றார்.

"இருபத்து மூணு வீட்டுச் சாவி சார்" என்றார் செல்லப்பா கம்பீரமாக.

"எந்த ஏரியாவுல?"

செல்லப்பா வானத்தைக் காட்டினார். அந்த மனிதர் பாவம், கூரையைப் பார்த்தார். நாங்கள் சிரித்த சிரிப்பில் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் பதிவேட்டில் ஒழுங்காக வரவு வைத்து ரசீது கொடுத்தார்.

எடுக்க வேண்டுமென்றால் இரண்டு அதிகாரிகள் எழுத்தில் காரணம் கொடுத்து, நேரில் வந்து கையெழுத்துப் போடவேண்டும். உறை வெளியே வந்து மூலக்கதவு திறந்த அதே நிமிடம் இந்திராணி உட்பட ஒன்பது சேவைத் தலைவர்களுக்கும் செய்தி போகும். இனி எந்த இயக்குநர் எங்கே மாற்றலானாலும் எனக்குக் கவலையில்லை.

மே 8, வியாழன்

பாதுகாப்பு ஆடிட் இன்று ஆரம்பம். புனேவிலிருந்து இரண்டு பேர். ஒரு வாரம் எந்த வழியிலாவது உள்ளே நுழையப் பார்ப்பது அவர்கள் வேலை. நுழைந்து காப்பகப் பதிவேட்டைத் தொட்டுவிட்டால் ஜூன் இரண்டு கிடையாது, நான் ஒழிந்தேன். பெரியவர் குல்கர்னி, இனிமையான மனிதர். "உங்களை அழவைக்கத்தான் வந்திருக்கிறேன்" என்று ஆங்கிலத்தில் சொல்லிக் கைகூப்பினார்.

மே 12, திங்கள்

நுழைந்துவிட்டார்கள்.

விடுதி மாணவர் சேர்க்கைப் பிரிவில் வில்சன் என்று ஒருவர். அவருக்குப் போன் போட்டு, "டிரைக்டர் ஆபீஸ்லேர்ந்து பேசறேன், அவசரம்" என்றிருக்கிறார்கள். அவர் எழுந்து நின்று பாஸ்வேர்டையும் ஓ.டி.பி.யையும் சொல்லியிருக்கிறார். நிஜமாகவே எழுந்து நின்றாராம், பக்கத்து நாற்காலிக்காரி பார்த்திருக்கிறாள்.

காலை பதினொன்றிலிருந்து மாலை ஐந்து வரை நானும் ஃபர்ஹானாவும் பதிவேட்டுத் திரையை விட்டு நகரவில்லை. வில்சன் என்ற பெயரில் அந்த ஒரு சோதனை வீட்டுக்குள் அவர்கள் சுற்றுவது வரிவரியாக விழுந்துகொண்டிருந்தது. அடுத்த வீட்டுக்குப் போகப் பார்த்தார்கள், மறுக்கப்பட்டது. வெளிநாட்டில் ஒரு சர்வர் திறக்கப் பார்த்தார்கள், மறுக்கப்பட்டது. பதிவை அழிக்கப் பார்த்தார்கள், மறுக்கப்பட்டது. காப்பகப் பதிவேட்டின் கதவைப் பதினேழு தடவை தட்டினார்கள். பதினேழும் மறுக்கப்பட்டது.

ஐந்து மணிக்குக் குல்கர்னி மடிக்கணினியை மூடினார். "ஒரு வீட்டுக்குள் வந்தேன். அந்த வீட்டிலேயே என்னைப் பூட்டிவிட்டீர்கள்" என்றார். ஃபர்ஹானா நாற்காலியில் ஏறி நின்று கைதட்டினாள். நான் வாஷ்பேசினுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டேன்.

மே 13, செவ்வாய்

வில்சனுக்கு மெமோ கொடுக்க வேண்டும் என்று இயக்குநர் சொன்னார். செல்லப்பா வரைவு கூடத் தயாராக வைத்திருந்தார். நான் கையெழுத்துப் போட மறுத்துவிட்டேன்.

"தப்பு பண்ணியிருக்காரு மேடம்" என்றார் இயக்குநர்.

"பண்ணியிருக்காரு சார். மேலிடத்துலேர்ந்து போன்னு சொன்னா நம்ம ஆபீஸ்ல யாரு சார் உக்காந்துகிட்டே பேசறாங்க? ஆள மாத்த முடியாது. அவரு சொன்னாலும் ஒண்ணும் போகாத மாதிரி கட்டணும்னுதான கட்டினோம். கட்டினது நின்னுச்சு."

கொஞ்சம் சத்தமாகப் பேசிவிட்டேன் போலிருக்கிறது. அவர் என்னையே பார்த்தார். பிறகு மெமோவைக் கிழித்துவிட்டு, எல்லா ஊழியருக்கும் ஒரு நாள் பயிற்சி போடச் சொன்னார்.

வில்சன் சாயங்காலம் வந்து அழுதார். "யாருக்கும் எதுவும் ஆகலியே மேடம்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். ஆகவில்லை என்றேன். அவருக்கு அது எவ்வளவு பெரிய கொடுப்பினை என்று தெரியாது.

மே 20, செவ்வாய்

இந்திராணி மறுபடி வந்தார். என்னோடு பேசவில்லை. ஃபர்ஹானாவைத் தனியாக உட்கார வைத்து இரண்டு மணி நேரம் கேள்வி கேட்டார். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டே ஒரே ஃபைலை நாலு தடவை படித்தேன். நடுவில் அவர் ஒரு தடவை திரும்பி என்னை உற்றுப் பார்த்தார்.

வெளியே வந்து சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். முப்பத்தெட்டுக் காப்பகமும் வருகிறது. "நோட்ட என்ன பண்றதுன்னுதான் தெரியல" என்று மட்டும் சொன்னார்.

ஜூன் 2, திங்கள்

ஒன்பதும் ஓடுகின்றன!

காலை பத்துக்கு ஒவ்வொன்றாகத் திறந்தோம். முதியோர் அட்டை மட்டும் இருபது நிமிடம் படுத்தியது. யாரோ தேதியைப் பழைய முறையில் எழுதியிருந்தார்கள். மதியத்துக்குள் எல்லாம் பச்சை. கர்ப்பிணிகளின் ரத்த வகை, குழந்தைகளின் பள்ளி, கோர்ட் தேதி எல்லாம் காப்பகத்துக்குக் காப்பகம் தானாகப் போகிறது. முகவரி மட்டும் எங்களுக்கு வெறும் பூட்டிய பெட்டியாகத் தெரிகிறது. நான் என் லாகினில் ஒரு தடவை திறக்க முயன்றேன். 'மங்கையர்க்கரசி, 12.14, மறுக்கப்பட்டது' என்று பதிவில் விழுந்தது. இதை ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டேன். பட்டம் வாங்கிய அன்றுகூட நான் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

இயக்குநர் எல்லாருக்கும் மைசூர்பாகு வாங்கித் தந்தார். செல்லப்பா மூன்று எடுத்தார்.

ஜூன் 3, செவ்வாய்

புல்டோசர் வந்தது. பழைய சர்வர் அறை பதினொரு நிமிடத்தில் தரைமட்டம். போய் நின்று கடைசி வரை பார்த்தேன்.

ஜூன் 18, புதன்

இன்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

காலை பதினொன்றே கால். போனில் பெயரைப் பார்த்ததும் எழுந்து நின்றேன். பழக்கம். பிறகு உட்கார்ந்தேன். உட்கார்ந்துதான் எடுத்தேன்.

"என்ன மங்கை, எப்படி இருக்கீங்க? புத்தாண்டுக்கு மெசேஜ் போட்டேன், பதிலையே காணோம். ஏதோ பெரிய சாதனை பண்ணியிருக்கீங்களாமே?" அதே குரல். அக்கறையான குரல்.

"சொல்லுங்க சார்."

"ஒரு சின்ன உதவி. நமக்கு வேண்டப்பட்டவங்க வீட்டுப் பொண்ணு. ஏதோ கோவத்துல வீட்ட விட்டுப் போயிடுச்சு. காப்பகத்துல இருக்குதாம். பையன் நல்ல பையன், திருந்திட்டான். குடும்பம் சேர்ந்தா நல்லதுதான? எந்த ஊருன்னு மட்டும் சொன்னா போதும்."

"என்னால பார்க்க முடியாது சார்."

"யாரு பாக்கணும்னு சொன்னா? நீங்கதான் ஹெட்டு."

"ஹெட்டுக்குத்தான் சார் முதல்ல பூட்டினோம்."

சிரித்தார். "மாஸ்டர் சாவின்னு ஒண்ணு இல்லாமயா இருக்கும்?"

"இருக்கு சார். கருவூலத்துல, அரக்கு சீல் வெச்சு. உங்களுக்கு வேணும்னா எழுத்துல கேளுங்க. காரணம் எழுதணும். ரெண்டு அதிகாரி நேர்ல வந்து கையெழுத்துப் போடணும். திறந்த அதே நிமிஷம் காப்பகத்துக்கு உங்க பேரோட செய்தி போயிடும்."

அவர் குரல் மாறியது. "நாலு வருஷம் முன்னாடி ரெண்டே நிமிஷத்துல சொன்னீங்களேம்மா?"

இந்த டைரியில் மூன்றரை மாதமாக நான் எழுதாத வாக்கியம் அதுதான். அவர் சொல்லிவிட்டார். நானும் எழுதிவிடுகிறேன். அந்த முகவரியைக் கொடுத்தது நான். பெரிய அதிகாரி கேட்டார், குடும்பம் சேரும் என்றார், எழுந்து நின்று படித்துச் சொன்னேன். பதினோரு பேரில் யார் என்று விசாரணையில் கேட்டபோது, தெரியாது என்று சொன்ன பதினோரு பேரில் ஒருத்தியாக நின்றேன்.

"ஆமா சார், சொன்னேன்" என்றேன். "அதுக்குத்தான் இத கட்டினேன். இப்ப என்னால முடியாது. முடிஞ்சாலும் சொல்லமாட்டேன்."

வைத்துவிட்டார். ஃபர்ஹானா எட்டிப் பார்த்து, "யாரு மேடம்?" என்றாள். "தனபாலன்" என்றேன். சார் என்று சேர்த்துச் சொல்லவில்லை என்பது பிறகுதான் உறைத்தது.

ஜூன் 19, வியாழன்

காலையில் வீட்டில் இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "வேலை போகுமா?" என்று கேட்டார். போகலாம் என்றேன். "போனா போகட்டும். நீ எழுது" என்றார்.

செயலாளருக்கு இரண்டு பக்கம் எழுதினேன். நேற்று வந்த அழைப்பு, நாலு வருடம் முன்பு வந்த அழைப்பு, இரண்டுக்கும் நான் சொன்ன பதில். தனபாலன் பெயர், என் பெயர். ஆதவன் சார் இரண்டு பக்கத்தையும் படித்தார். பிறகு, "இத அனுப்பினா உங்க மேல நடவடிக்கை வரும் மேடம்" என்றார். "வரட்டும் சார். இத வெச்சு அந்தப் பொண்ணோட கேஸையும் மறுபடி திறக்கலாம்" என்றேன். கேஸை மறுபடி திறக்கவேண்டும் என்று மேலே ஒரு வரி பரிந்துரை எழுதித் தானே எடுத்துக்கொண்டு போனார்.

மதியம் இந்திராணியின் அலுவலகத்துக்குப் போனேன். நின்றுகொண்டே சொன்னேன். அழக்கூடாது என்று நினைத்துப் போனேன், அழுதேன். முடிந்ததும் அவர் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

"எனக்குத் தெரியும்" என்றார்.

"எப்பத்துலேர்ந்து?"

"தன்னால கூட பாக்க முடியாத மாதிரி கட்டச் சொன்னது நீங்கதான்னு ஃபர்ஹானா சொன்னா பாருங்க, அன்னைக்கு. எதுவும் பண்ணாதவங்க தன்னைத்தானே வெளிய வெச்சுப் பூட்டிக்க மாட்டாங்க மேடம். எனக்கு உங்க மேல இன்னும் கோவம் இருக்கு. அது போகாது. ஆனா அந்தப் பூட்ட நம்பினேன். அதனாலதான் கையெழுத்துப் போட்டேன்."

அந்தப் பெண்ணைப் பார்க்கலாமா என்று கேட்டேன். "அவகிட்ட கேக்கறேன். அவ சரின்னா பாக்கலாம். இல்லன்னா இல்ல" என்றார். அதுதான் முறை.

கிளம்ப எழுந்தபோது கதவு தட்டி ஒரு பணிப்பெண் சீட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். நேற்று ஒரு பெண் இரண்டு குழந்தைகளோடு வந்திருக்கிறாளாம், இன்று வேறு ஊருக்கு அனுப்பிவிட்டார்களாம். இந்திராணி கம்ப்யூட்டர் பக்கம் திரும்பித் தன் லாகினைத் தட்டினார். முகவரி என்ற கட்டம் வந்ததும் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"மேடம், கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கறீங்களா?"

நான் நாற்காலியையே தூக்கித் திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன். பின்னால் அவர் தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. எதிரே சுண்ணாம்பு உதிர்ந்த வெறும் சுவர். இருபத்தேழு வருட சர்வீசில் நான் இவ்வளவு சந்தோஷமாக எதையும் பார்த்ததில்லை.